உங்கள் வீட்டில் இருக்கிறதா?

செப்டம்பர் 17, செவ்வாய்

ஆதிரை வீட்டுக்கு வந்துவிட்டாள். குளித்தாள், ரசம் சோறு சாப்பிட்டாள், சோபாவிலேயே தூங்கிப் போனாள். இதை முதலில் எழுதிவிட்டால்தான் மற்றதை எழுதக் கை வரும்.

பக்கத்து ஊர் ஹார்லன் கிரீக் உயர்நிலைப் பள்ளியில் இன்று காலை ஒரு மாணவன் துப்பாக்கியால் சுட்டுவிட்டான். இரண்டு பிள்ளைகளும் ஒரு ஆசிரியையும் இறந்துவிட்டார்கள். சுட்டவன் காரில் தப்பிவிட்டான் என்று தெரிந்ததும் சுற்று வட்டாரப் பள்ளிகள் எல்லாவற்றையும் உள்ளிருந்து பூட்டிவிட்டார்கள். நான் டே கேரில் குழந்தைகளைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தேன். செய்தி வந்ததும் செருப்பை மாற்றக்கூட நேரமில்லாமல் ஓடினேன்.

ஆதிரையின் பள்ளிக்கு எதிரே இருக்கும் சர்ச்சின் கார் நிறுத்துமிடத்தில் பெற்றோரை நிற்க வைத்திருந்தார்கள். யாருக்கும் எதுவும் தெரியவில்லை. நான் ஆதிரைக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை, மறுபடியும் செய்தேன். அப்புறம்தான் அவளுடைய மெசேஜ் வந்தது: கால் பண்ணாதேம்மா, சத்தம் கேக்கும்.

அங்கே ஒரு மாணவனின் அப்பா இடுப்பில் துப்பாக்கியோடு நின்றுகொண்டிருந்தார். சும்மாதான் நின்றார். கொஞ்சம் கொஞ்சமாக எல்லோரும் அவர் பக்கத்தில் போய் நின்றார்கள். நானும் போய் நின்றேன்.

சாயங்காலம் அவனைப் பிடித்துவிட்டார்கள். பிள்ளைகளை வெளியே விட்டார்கள்.

செப்டம்பர் 18, புதன்

பள்ளி விடுமுறை. டே கேர் உண்டு. சாம்பார் அடிப்பிடித்துவிட்டது, அதையே சாப்பிட்டோம்.

செப்டம்பர் 21, சனி

பூபதி வீட்டில் இருக்கிறார். வேறு மாநிலத்தில் ஒரு கம்பெனிக்கு ஆலோசகர் வேலை. திங்கள் காலை விமானத்தில் போனால் வியாழன் இரவுதான் வருவார். நடுவில் வீட்டில் நானும் மகளும்தான். பதினொரு வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது, பழகிவிட்டது.

நேற்று ரேணுகா வீட்டில் திருட்டு. நம் ஆட்கள் வீட்டில் தங்கம் இருக்கும் என்று தெரிந்தே வருகிறார்கள். அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள் எல்லா டப்பாவையும் தரையில் கொட்டித் துழாவியிருக்கிறார்கள். நம் பெண்கள் நகையை எதற்குள் ஒளிப்பார்கள் என்பதைக்கூடப் படித்துக்கொண்டுதான் தொழிலுக்கு வருகிறார்கள் போலிருக்கிறது. ரேணுகா அழுதுகொண்டே இருந்தாள். அவள் பையன் நகுல் என் டே கேரில்தான் இருக்கிறான், நாலு வயது. கொட்டிய அரிசியில் கார் ஓட்டி விளையாடிக்கொண்டிருந்தான்.

பூபதி இன்று காலையிலேயே என்னைக் கூட்டிக்கொண்டு போய் எல்லா நகையையும் பேங்க் லாக்கரில் வைத்துவிட்டார். தாலியும் தோடும்தான் மிச்சம். கழுத்து வெறிச்சென்று இருக்கிறது.

செப்டம்பர் 24, செவ்வாய்

என் சமையலறை கட்சி அலுவலகமாகிவிட்டது. ஆதிரை, அவள் தோழி எமிலி, இன்னும் அரை டஜன் பிள்ளைகள். பள்ளியில் சின்ன அறை மாதிரி இருக்கும் சுவர் அலமாரிக்குள் ஒன்றாக ஒளிந்திருந்தவர்களாம். தோசை வார்த்து மாளவில்லை.

ஹார்லன் கிரீக் பையன் அந்தத் துப்பாக்கியைத் தன் மாமா வீட்டுச் சமையலறை டிராயரிலிருந்து எடுத்திருக்கிறான். பூட்டு இல்லை, ஒன்றும் இல்லை. ஸ்பூன் எடுப்பதுபோல எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அதைப் பூட்டித்தான் வைக்க வேண்டும் என்று ஒரு சட்டத்துக்கு மசோதா வந்திருக்கிறது. அதற்காக இந்தப் பிள்ளைகள் வீடு வீடாகப் போகப் போகிறார்கள். கதவைத் தட்டி, உங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, இருந்தால் பூட்டி வைத்திருக்கிறீர்களா என்று கேட்க வேண்டும். சண்டை போடக் கூடாது, பிரசங்கம் செய்யக் கூடாது. கேட்டுவிட்டு நன்றி சொல்லிவிட்டு வர வேண்டும்.

முதலில் என்னிடம் பழகிப் பார்த்தார்கள். ஆதிரை வெளியே போய்க் கதவைத் தட்டினாள். நான் திறந்தேன். கேட்டாள். இல்லை என்றேன். எமிலி கைதட்டினாள்.

பதினாறு வயதில் நான் எங்கள் ஊர் கோபியில் டைப்ரைட்டிங் கிளாசுக்குத் தனியாகப் போகவே பயந்தவள். இவளுக்கு இந்த வாய் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. பெருமையாக இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது.

செப்டம்பர் 26, வியாழன்

டே கேரில் அரை நாள் லீவு சொன்னேன். பல்வலி என்று சொன்னேன்.

ஒரு துப்பாக்கி வாங்கினேன். எழுதிவிட்டேன். இந்த வீட்டில் தமிழ்க் கையெழுத்தைப் படிக்க பூபதிக்குப் பொறுமை இல்லை, ஆதிரைக்குத் தமிழ்ப் பள்ளி மூன்றாம் நிலையோடு நின்றுபோயிற்று. அதனால் தைரியமாக எழுதலாம்.

கடைக்காரர் ரொம்பத் தன்மையான மனிதர். கிரீன் கார்டைப் பார்த்தார், கம்ப்யூட்டரில் ஏதோ தட்டினார், கொஞ்ச நேரம் காத்திருக்கச் சொன்னார், முடிந்தது. கொத்தமல்லி வாங்கப் போனால்கூட அதைவிட அதிகம் பேரம் பேசியிருப்பேன். பெண்களுக்கு ரோஸ் நிறத்தில் இருக்கிறது என்று எடுத்துக் காட்டினார். கறுப்பே போதும் என்றேன்.

இவ்வளவு நகைத் திருட்டு நடக்கும்போது, வாரத்தில் நாலு நாள் ஆண் துணை இல்லாத வீட்டில், வேறென்ன செய்ய முடியும்? பூபதியிடம் சமயம் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம். ஆதிரையிடம் இப்போது சொல்ல முடியாது. அவளுடைய கூட்டம், மசோதா எல்லாம் முடியட்டும்.

இட்லி அரிசி டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன். குண்டுகள் பெருங்காய டப்பாவில். திருடன்தான் டப்பாக்களைத் தேடுவான், வீட்டு ஆட்கள் தேட மாட்டார்கள்.

செப்டம்பர் 29, ஞாயிறு

நேற்று பூபதி காரை சர்வீசுக்கு எடுத்துப் போன நேரத்தில் சுடப் பழகும் இடத்துக்குப் போய் வந்தேன். காதில் பெரிய மூடி மாட்டிவிட்டார்கள். முதல் குண்டுக்குத் தோள் ஆடியது. அப்புறம் ஆடவில்லை. அங்கே இருந்த பெண் நன்றாகச் சுடுகிறீர்கள் என்றாள். என்னை யாரும் நன்றாகச் செய்கிறாய் என்று சொல்லி எவ்வளவு நாளாயிற்று!

நேற்றுச் சாயங்காலமே கோயிலில் ஆதிரை என் கையைப் பிடித்து முகர்ந்தாள். என்னம்மா வாசம் என்றாள். புது சோப்பு என்றேன்.

அக்டோபர் 1, செவ்வாய்

எமிலி இன்று நம் வீட்டில்தான் தங்குகிறாள். போன வாரமும் தங்கினாள். சமையலறைக்கு அடுத்த அறையில் மெத்தை போட்டிருக்கிறேன். மாநிலத் தலைநகரில் பதினாறாம் தேதி மசோதா மீது சட்டமன்றக் குழுவின் கூட்டம் நடக்கிறது, மாணவர்கள் பேசலாமாம். எமிலியும் ஆதிரையும் பேசுகிறார்கள். அதற்குத்தான் இந்த ஒத்திகை.

ஆதிரை தமிழ்க் குடும்பங்களுக்காகத் தமிழிலும் கேட்டுப் பழகுகிறாள். நான் வேறு வேறு ஆளாக நடிக்க வேண்டுமாம். கோபக்காரத் தாத்தாவாக நடித்தேன், போனிலேயே பேசிக்கொண்டிருக்கும் ஆன்ட்டியாக நடித்தேன். கடைசியில் நீ நீயா இரும்மா என்றாள்.

"உங்க வீட்ல துப்பாக்கி இருக்கா?"

"இல்ல கண்ணு."

சொன்னேன். எமிலிக்கு இன்னொரு தோசை வேண்டுமா என்று கேட்டேன்.

அக்டோபர் 3, வியாழன்

டே கேரில் மாதப் பயிற்சி. வெளியே கெட்டவன் வந்தால் குழந்தைகள் சத்தமில்லாமல் ஒளிவதற்கு. பாத்ரூமுக்குள் எல்லாரையும் உட்கார வைத்து ஆளுக்கொரு குச்சி மிட்டாய் கொடுப்போம், வாய் மூடியிருக்கும். எலி விளையாட்டு என்று சொல்லி வைத்திருக்கிறோம். எலி சத்தம் போட்டால் பூனை வரும். மூன்று வயசுக் குழந்தைகள் கண்ணை உருட்டிக்கொண்டு மிட்டாயைச் சப்புகின்றன. நகுலுக்கு மட்டும் பொறுமை கிடையாது. கதவுத் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டான். அவன் திறக்காத மூடி, தாழ்ப்பாள் எதுவும் அந்தக் கட்டிடத்தில் இல்லை.

விளக்கை அணைத்துவிட்டு அந்த இருட்டில் நான் என்ன நினைத்தேன் என்று எழுத வேண்டாம்.

அக்டோபர் 6, ஞாயிறு

ஆதிரை தமிழ்ப் பள்ளி வாசலில் நின்று ஒவ்வொரு குடும்பமாகக் கேட்டிருக்கிறாள். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். நாமெல்லாம் அப்படிப்பட்ட ஆளுகளா கண்ணு, அதெல்லாம் வெள்ளைக்காரங்க சமாச்சாரம் என்றார்களாம். ஒருத்தர் மட்டும் அவளிடம், படிக்கிற வேலையைப் பார், பிற்பாடு காலேஜ் சீட்டுக்கு இடைஞ்சல் வரும் என்று அறிவுரை சொல்லியிருக்கிறார்.

காரில் வரும்போது ரொம்பச் சந்தோஷமாக இருந்தாள். நம்ம ஆளுங்க ஒருத்தர்கிட்டயும் இல்லம்மா என்றாள். ஆமாம் என்றேன். பூபதியும் ஆமாம் என்றார்.

அக்டோபர் 8, செவ்வாய்

நான் டே கேரிலிருந்து வர நேரமாகிவிட்டது. இட்லிக்கு ஊறப் போட்டுவிடலாம் என்று ஆதிரை டப்பாவைக் கீழே இறக்கக் கை வைத்திருந்தாள். நான் வாசலிலிருந்தே கத்திவிட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவள் அப்படியே கையை எடுத்துவிட்டாள். அரிசியில் வண்டு விழுந்திருக்கிறது, மருந்து போட்டிருக்கிறேன் என்று ஏதோ உளறினேன்.

இரவு வெளியிலிருந்து பீட்சா வாங்கிச் சாப்பிட்டோம்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. பூபதி லீவு போட்டிருக்கிறார். லீவு போட்டவர் சும்மா இருக்கலாம் அல்லவா? காலையிலேயே சமையலறை அலமாரியைத் துடைக்கிறேன், டப்பாவையெல்லாம் கழுவிக் கவிழ்க்கிறேன் என்று கிளம்பிவிட்டார். சுண்டல் செய்து கொடுக்க ரேணுகா வேறு வருகிறாள். அவள் வந்தால் நகுலும் வருவான். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

கடைசியில் ஒரு யோசனை வந்தது. பூஜையில் புத்தகங்களை அடுக்கி வைத்துவிட்டால் மறுநாள் விஜயதசமி காலை வரை யாரும் தொட மாட்டார்கள். இந்த வீட்டில் பூபதி அதில் ரொம்பக் கண்டிப்பு. பேப்பரைக்கூடப் படிக்க விட மாட்டார். புது ரவிக்கைத் துணியில் அதையும் குண்டுகளையும் சுற்றி, ஆதிரையின் கணக்குப் புத்தகங்களுக்குக் கீழே, மரப்பலகையை ஒட்டி வைத்தேன். மேலே மஞ்சள் துணி போர்த்தினேன். இன்றைக்கு இந்த வீட்டில் அதைவிடப் பத்திரமான இடம் கிடையாது. நாளை காலை எல்லோருக்கும் முன்னால் எழுந்து எடுத்துவிடுவேன்.

இன்னொன்றும் எழுத வேண்டும். சுற்றுவதற்கு முன் அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. தையல் மெஷினுக்கு வைத்தேன், அரிவாள்மணைக்கு வைத்தேன், கார் சாவிக்கு வைத்தேன். இதை மட்டும் விட்டுவிட மனசு வரவில்லை.

ஆதிரை பதினாறாம் தேதி பேச வேண்டிய பேச்சை அச்சடித்து அடுக்கின் மேல் வைத்து விழுந்து கும்பிட்டாள்.

அக்டோபர் 12, சனி

நான் எழுந்தபோது அவள் குளித்து முடித்திருந்தாள். விஜயதசமி அன்று காலை பிள்ளைகள் தங்கள் புத்தகத்தைத் தாங்களே எடுத்து முதலில் நாலு வரி படிக்க வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து சொல்லிக் கொடுத்தவள் நான்தான். கணக்குப் புத்தகத்தை எடுக்கப் போயிருக்கிறாள்.

அம்மா என்று கூப்பிட்டாள். கத்தவில்லை. நான் பூஜை அறைக்குப் போனபோது ரவிக்கைத் துணி பாதி விலகிக் கிடந்தது. அவள் அதைத் தொடவில்லை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. பூபதி மாடியில் தூங்கிக்கொண்டிருந்தார்.

அப்பாவோடதா என்று கேட்டாள். என்னுடையது என்றேன். எங்கே இருந்தது என்று கேட்டாள். சொன்னேன். அதான் அன்னைக்கு அப்படிக் கத்தினியா என்றாள். நான் ரேணுகா வீட்டில் நடந்ததைச் சொல்லி, நாலு நாள் தனியாக இருக்கிறோம், நகைத் திருடர்கள் என்று ஆரம்பித்தேன்.

"நகை லாக்கர்ல இருக்கும்மா."

நான் ரவிக்கைத் துணியை இழுத்து அதை மூடினேன்.

"எமிலி இங்க தூங்கினா. அவ அம்மா கேட்டப்போ, எங்க வீட்ல இல்லன்னு நான்தான் சொன்னேன்."

புதன்கிழமை நான் பேசல என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளவே இல்லை.

அக்டோபர் 13, ஞாயிறு

அவள் என்னோடு பேசவில்லை. பரீட்சை பயமா என்று பூபதி கேட்டார். ஆமாம் என்றேன். மதியம் பருப்புச் சோறு, வெண்டைக்காய்ப் பொரியல்.

அக்டோபர் 14, திங்கள்

பூபதியை விமான நிலையத்தில் விட்டுவிட்டு நேராகத் துப்பாக்கிக் கடைக்குப் போனேன். விற்றதைத் திரும்ப எடுக்க மாட்டார்களாம். போலீஸ் அலுவலகத்தில் ஒப்படைக்கலாம் என்றார்கள். அங்கே போனால் அரசு விடுமுறை, துப்பாக்கி ஒப்படைக்க வியாழக்கிழமைகளில் மட்டும்தான் வர வேண்டும் என்று ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. வாங்குவதற்கு எல்லாக் கதவும் திறந்திருந்தது, கொடுப்பதற்கு ஒரு கதவும் திறக்கவில்லை. எண் பூட்டுப் போட்ட பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன்.

ஆதிரையிடம் போய் அலைந்த கதையைச் சொன்னேன்.

"புதன்கிழமைக்குள்ள தொலைச்சுட்டா நான் இல்லன்னு சொல்லிக்கலாம்னு பாக்கறியா?"

ஆமாம் கண்ணு என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை.

அக்டோபர் 15, செவ்வாய்

போகிறாளாம். எமிலியைத் தனியாக விட முடியாது என்கிறாள். எழுதி வைத்ததை அப்படியே படித்துவிட்டு வந்துவிடுவாளாம், நம் வீட்டைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லையாம். காரை நான் ஓட்ட வேண்டும்.

அக்டோபர் 16, புதன்

பெரிய மண்டபம். இடது பக்கம் ஆரஞ்சு நிறச் சட்டை போட்ட நம் பிள்ளைகள், அவர்களுடைய பெற்றோர்கள், இறந்துபோன ஆசிரியையின் கணவர். வலது பக்கம் மசோதா வேண்டாம் என்பவர்கள், சட்டையில் கொடி குத்தியிருந்தார்கள். அவர்களும் குழந்தை குட்டியோடுதான் வந்திருந்தார்கள். நான் பச்சைப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு இடது பக்கம் நாலாவது வரிசையில் உட்கார்ந்தேன். சட்டமன்றம் என்றால் பட்டுப்புடவைதான் என்று எனக்கு நானே முடிவு செய்துகொண்டேன். அங்கே எல்லோரும் ஜீன்ஸ் போட்டிருந்தார்கள்.

முதலில் எமிலி பேசினாள். பேசி முடித்ததும் குழுவில் இருந்த உயரமான பெரியவர் ஒருவர், ரொம்ப மரியாதையாக, உன் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றாள். துப்பாக்கியோடு வாழ்ந்தே பார்க்காதவர்கள் வாழ்பவர்களுக்குச் சட்டம் சொல்கிறீர்கள் என்றார். அடுத்த பையனிடமும் அதையே கேட்டார். அவனும் இல்லை என்றான். கொடி குத்தியவர்கள் சிரித்தார்கள்.

ஆதிரை பேசினாள். அலமாரிக்குள் இருந்த நேரத்தைப் பற்றி, இருட்டில் ஒரு பையன் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டதைப் பற்றி. போன் அதிர்ந்ததும் எமிலி அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள் என்றாள். யார் கூப்பிட்டார்கள் என்று சொல்லவில்லை. எனக்கே இன்றுதான் தெரியும்.

பெரியவர் அதே கேள்வியைக் கேட்டார்.

ஆதிரை மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காகிதத்தைப் பார்த்தாள். இல்லை என்று சொல்லியிருக்கலாம், யாருக்குத் தெரியப் போகிறது? என்னைக் காட்டிக் கொடுத்திருக்கலாம், அதற்கும் அவளுக்கு உரிமை இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. என் பக்கம் திரும்பக்கூட இல்லை. திரும்பியிருந்தால் நான் தலையைக் குனிந்திருப்பேன். அவள் திரும்பாததால்தான் எழுந்தேன்.

இருக்கிறது, அது என்னுடையது என்று இங்கிலீஷில் சொன்னேன்.

அடுத்த வார்த்தை வருவதற்குள் வலது பக்கம் கைதட்டல் கிளம்பிவிட்டது. ஒரு பாட்டியம்மா எழுந்து நின்றே தட்டினார். பெரியவர் முகம் மலர்ந்து, குடும்பத்தைக் காக்கிற தாய் என்று ஏதோ சொல்லி எனக்கு நன்றி சொன்னார். நம் பிள்ளைகள் அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆதிரை மைக்கிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"கைதட்டாதீங்க."

தமிழில் வந்துவிட்டது. ஒருத்தருக்கும் புரியவில்லை. அப்புறம் இங்கிலீஷில் சொன்னேன். தப்பும் தவறுமாகத்தான் சொன்னேன். அரிசி டப்பாவில் வைத்திருந்தேன், பூட்டு இல்லை. என் மகள் கேட்டாள், இல்லை என்று சொன்னேன். அவள் தோழி அடுத்த அறையில் தூங்கினாள். நாலு வயசுப் பிள்ளைகள் வந்து போகிற வீடு. திருடனுக்குப் பயந்து வாங்கவில்லை. அன்றைக்கு அந்தப் பள்ளிக்கு வெளியே வெறும் கையோடு நின்றேன், அந்த நிலை இன்னொரு தரம் வரக் கூடாது என்று வாங்கினேன். வாங்கிய பிறகும் அந்தப் பயம் போகவில்லை. இவ்வளவு நாள் தமிழில் எழுத வராதது இங்கிலீஷில் வந்துவிட்டது. கைதட்டல் நின்றுவிட்டது. குழுவின் தலைவியாக இருந்த அம்மா சுத்தியலைத் தட்டி, உங்கள் பெயர் பேசுபவர்களில் இல்லை, உட்காருங்கள் என்றார். உட்கார்ந்தேன்.

வெளியே வராந்தாவில் எமிலியின் அம்மா வந்தார். எமிலி தூங்கிய அன்று அது வீட்டில் இருந்ததா என்று மட்டும் கேட்டார். இருந்தது என்றேன். அவர் எமிலியின் தோளைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். எமிலி திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

காரில் ஏறியதும் ஆதிரை அழுதாள். அவங்க அம்மா இனிமே அவளை விட மாட்டாங்க என்றாள். நான் போய்ப் பேசட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். ரொம்ப தூரம் வந்த பிறகு, அன்னைக்கு நீ எங்கம்மா நின்னே என்று கேட்டாள். சர்ச் கார் நிறுத்துமிடத்தில் என்றேன். குப்பைத் தொட்டி பக்கத்திலா என்றாள். ஆமாம் என்றேன். அலமாரி அந்தப் பக்கச் சுவரில்தான் இருக்கிறதாம்.

அந்த நாளைப் பற்றி நாங்கள் இருவரும் இதுவரை ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. வீடு வரும் வரை பேசினோம்.

அக்டோபர் 17, வியாழன்

போலீஸ் அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டேன். ஆதிரையும் கூட வந்தாள். துடைத்துத்தான் கொண்டுபோனேன், இருந்தும் ஓரத்தில் கொஞ்சம் குங்குமம் ஒட்டியிருந்தது. அந்தப் போலீஸ்காரர் அதை விரலால் தொட்டுப் பார்த்து ரத்தமா என்று கேட்டார். இல்லை, சாமி குங்குமம் என்றேன். அவர் அதை நம்பியதாகத் தெரியவில்லை.

பூபதி மதியமே வந்துவிட்டார். நான் சொல்வதற்கு முன்பே அவருக்குத் தெரிந்திருக்கிறது. கூட்டத்தில் யாரோ எடுத்த வீடியோவைத் தமிழ்ச் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார்கள். நான் எழுந்து நிற்பது, இருக்கிறது என்பது, கைதட்டல், பெரியவரின் நன்றி. அதோடு வெட்டிவிட்டார்கள். கட்டைவிரல், கும்பிடு, சிங்கப்பெண் என்று எல்லோரும் போட்டிருக்கிறார்கள். நாமெல்லாம் அப்படிப்பட்ட ஆளுகளா என்று ஆதிரையிடம் சிரித்தவர்களில் ஒருவர் மூன்று கட்டைவிரல் போட்டிருக்கிறார்.

பூபதி திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். சமையலறைத் தரையில் உட்கார்ந்துகொண்டு, "என்ன கலா, எங்கிட்டச் சொல்ல உனக்கு ஒரு வியாழக்கிழமைகூடக் கிடைக்கலையா" என்றார். இந்த ஊரிலேயே வேலை தேடுகிறேன் என்றார். பார்க்கலாம்.

இரவு ரேணுகா போன் செய்தாள். அக்கா, உங்களைப் பார்த்துத்தான் தைரியமே வந்தது, எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்றாள். வெட்டிய பாதியை எல்லாம் சொன்னேன். வாங்காதே என்றேன். நகுல் எப்படிப்பட்டவன் என்று உனக்கே தெரியும் என்றேன். சரிக்கா, சரிக்கா என்றாள்.

நானும் இப்படித்தான் எல்லாவற்றுக்கும் ஆமாம் ஆமாம் என்றுகொண்டிருந்தேன்.

அக்டோபர் 19, சனி

மசோதா குழுவிலேயே தோற்றுவிட்டது. நேற்றுச் சாயங்காலம் தெரிந்தது. என்னால்தானா என்று ஆதிரையிடம் கேட்டேன். இல்லம்மா, அவங்க முன்னாடியே முடிவு பண்ணிட்டாங்க என்றாள். உண்மையா, என்னைத் தேற்றுவதற்கா என்று தெரியவில்லை. எமிலி போன் எடுப்பதில்லை.

காலையில் ஆதிரை ஷூவை மாட்டிக்கொண்டிருந்தாள். மசோதாதான் போய்விட்டதே, எங்கே கிளம்புகிறாய் என்றேன். பாக்கி வீடுகள் இருக்கின்றன என்றாள். முதலில் ரேணுகா வீட்டுக்குப் போகலாம் என்று நான்தான் சொன்னேன். ரேணுகாவின் சரிக்கா என் காதிலேயே நின்றுகொண்டிருந்தது.

ரேணுகா கதவைத் திறந்தாள். வாங்கக்கா என்றாள், என் முகத்தைப் பார்க்கவில்லை. காபி போடட்டுமா என்று கேட்டாள், உட்காரச் சொன்னாள், சோபாவில் கிடந்த துணிகளை எடுத்தாள், மறுபடியும் அங்கேயே வைத்தாள். ஆதிரை இன்னும் ஒன்றும் கேட்கவில்லை. நகுல் எங்கே என்று நான் கேட்டேன். உள்ளே விளையாடுகிறான் என்றாள். சமையலறையில் ஏதோ டப்பா விழுந்து உருளும் சத்தம் கேட்டது.

ரேணுகாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். அவள் ஓடினாள். நாங்களும் பின்னாலேயே ஓடினோம்.

நகுல் ஸ்டூலைப் போட்டு மேடை மேல் ஏறி உட்கார்ந்திருந்தான். கீழே முழுக்கத் துவரம் பருப்பு. மடியில் இன்னொரு பெரிய டப்பா, அதன் மூடியை இரண்டு கையாலும் திருகிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் சிரித்தான். ரேணுகா பிள்ளையைத் தூக்கவில்லை. டப்பாவைத்தான் முதலில் பிடுங்கினாள்.

பிள்ளை கீழே விழாமல் ஆதிரைதான் பிடித்தாள். அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு, எப்போது வாங்கினீர்கள் ஆன்ட்டி என்று கேட்டாள். நேற்று என்றாள் ரேணுகா. டப்பாவைக் கட்டிக்கொண்டு பருப்பு மேலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்னைப் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறாள். எனக்கு அழுகைதான் வந்தது. ஆதிரை பூபதிக்குப் போன் செய்து, வரும் வழியில் பூட்டுள்ள இரும்புப் பெட்டி ஒன்று வாங்கிக்கொண்டு வரச் சொன்னாள். அவர் வரும் வரை நானும் ரேணுகாவும் தரையிலிருந்து பருப்பைப் பொறுக்கிக்கொண்டிருந்தோம்.